"பேசிக்கிட்டுதான் சார் இருந்தோம்": சிவில் வழக்கும் காலவரம்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா கோர்ட் பக்கம் வக்கீல் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம். வந்தவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுப்பார். அதற்குள் நாலாக மடித்த புரோநோட்டு. தொகை எவ்வளவு என்று அவர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் நாங்கள் தேதியைப் பார்ப்போம், உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்போம். பின்பக்கம் வெறுமையாக இருந்து, தேதி நாலு வருடம் முந்தியதாக இருந்தால் அடுத்து அவர் சொல்லப்போவதும் தெரியும்: "பேசிக்கிட்டுதான் சார் இருந்தோம், தர்றேன்னுதான் சொன்னாரு."

பேச்சு நடந்தாலும் காலம் ஓடும். அதை நிறுத்துவதோ திரும்ப முதலிலிருந்து ஓடவைப்பதோ ஒரு கையெழுத்தால் நடக்கலாம், கோர்ட்டில் கொடுத்த பிராதால் (வழக்கு மனுவால்) நடக்கலாம். மற்றபடி சட்டமே ஒதுக்கித் தரும் சில நாட்கள் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை வைத்து இதை எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு கோர்ட் நடைமுறைப்படி.

காலவரம்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு உரிமையைக் கேட்டு கோர்ட்டுக்குப் போக சட்டம் கொடுத்திருக்கும் கெடுதான் காலவரம்பு. கோர்ட் வளாகத்தில் "லிமிடேஷன்" என்பார்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பின்னிணைப்பில் 137 இனங்கள் உண்டு. எந்த வழக்குக்கு எத்தனை வருடம், எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எத்தனை வருடம் என்பதைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்த நாளிலிருந்து என்பதில்தான் கோட்டை விடுவார்கள்.

ஒரே ஒரு நாள் தாமதமானால்கூடவா?

ஆமாம், ஒரே நாளானாலும் வழக்கு போய்விடும். பிரதிவாதி அந்த ஆட்சேபனையைச் சொல்லாவிட்டாலும் கோர்ட்டே பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 3. "தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாமே" என்று கேட்பார்கள். பிரிவு 5இன்படி போடும் அந்த மனு அப்பீலுக்கும் மற்ற மனுக்களுக்கும்தான். புதிதாகப் போடும் மூல வழக்குக்கு அது கிடையாது. உடம்பு சரியில்லை, வெளியூரில் இருந்தேன், வக்கீல் மறந்துவிட்டார் என்று சொல்லும் எந்தக் காரணமும் அங்கே எடுபடாது.

புரோநோட்டுக்கு மூன்று வருடம் என்பது தெரியும். பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்துதானே?

இல்லை. "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய சாதாரண புரோநோட்டுக்கு, நோட்டு எழுதிய நாளிலிருந்தே மூன்று வருடம் ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் கேட்டீர்களா இல்லையா என்பது கணக்கே இல்லை. கைமாற்றாகக் கொடுத்த கடனுக்கும் கொடுத்த நாள்தான். செக்காகக் கொடுத்திருந்தால் அந்த செக் பணமான நாள். "2026 தை மாதத்துக்குள் தருகிறேன்" என்பதுபோல் கெடு எழுதியிருந்தால் மட்டும் அந்தக் கெடு முடியும் நாளிலிருந்து எண்ணலாம்.

ஒருவரிடம் பாதுகாப்புக்காக ஒப்படைத்து, கேட்கும்போது திரும்பத் தர வேண்டும் என்று போட்ட டெபாசிட் வேறு கதை. அதற்குத்தான் கேட்ட நாளிலிருந்து மூன்று வருடம். கடனும் டெபாசிட்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இந்தக் குழப்பம்.

எண்ணும்போது முதல் நாளை விட்டுவிட வேண்டும். 10.06.2022 தேதியிட்ட நோட்டுக்குக் கடைசி நாள் 10.06.2025. அன்று மாலை கோர்ட் அலுவல் நேரம் முடிவதற்குள் பிராது உள்ளே போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து அதன்மேல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைக் குறைவான மற்ற பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டியும் சாட்சியமாகக் கொடுக்க முடியாது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்? மே மாத விடுமுறையில் விழுந்தால்?

கோர்ட் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம் என்று பிரிவு 4 சொல்கிறது. சிவில் கோர்ட்டுக்கு மே மாதம் கோடை விடுமுறை. மே 15இல் கெடு முடிகிறதென்றால் ஜூனில் கோர்ட் திறக்கும் அன்றைக்கே போட்டுவிட வேண்டும், மறுநாள் போட்டால் தாமதம்தான். கோடை விடுமுறை முடிந்து திறக்கும் அந்த ஒரு நாளில் பைலிங் கவுண்டர் முன்னால் வக்கீல் குமாஸ்தாக்களின் கூட்டத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவின் அருமை புரியும்.

நோட்டில் "ஆடி 15" என்று தமிழ்த் தேதி போட்டிருக்கிறதே?

ஆங்கில நாட்காட்டிக்கு மாற்றித்தான் எண்ண வேண்டும். பிரிவு 24 அதற்காகவே இருக்கிறது.

நடுவில் கொஞ்சம் பணம் கட்டினார். அதனால் காலம் நீளுமா?

நீளும், ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இந்தப் பதிலை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நோட்டின் பின்பக்கத்தில் "05.03.2024 அன்று இந்த நோட்டு வகையில் ரூ.500 செலுத்தி வரவு வைத்துள்ளேன்" என்று எழுதி, கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். அதாவது 05.03.2027 வரை. கட்டியது ஐந்நூறா ஐந்தாயிரமா என்பது முக்கியம் இல்லை.

முதல் நிபந்தனை, பழைய மூன்று வருடம் முடிவதற்குள் பணம் கட்டியிருக்க வேண்டும். முடிந்த மறுநாள் கட்டினால் இந்த வழியில் பலன் கிடையாது. இரண்டாவது, வரவு வைத்த வாசகம் கட்டியவரின் கையால் எழுதியதாகவோ அவர் கையெழுத்திட்டதாகவோ இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தன் டைரியில் "முருகன் வட்டி 2,000" என்று வருடக்கணக்கில் எழுதி வைத்திருப்பார். அது அவருடைய கணக்கு, அவ்வளவுதான். மூன்றாவதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. நோட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் வரவிலும் இரண்டு பேரும் போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்ட வரவால் மற்றவர்மேல் காலம் நீளாது. அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய கடனில் அண்ணனிடம் மட்டும் வரவு வாங்கி, வசதியுள்ள தம்பியைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

பணமே கட்டாமல் எழுத்தில் ஒத்துக்கொண்டாலும் போதும். "தங்களிடம் வாங்கிய கடன் பாக்கி இருப்பது உண்மை" என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, பழைய கெடு முடிவதற்குள் வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதுக் கெடு. இதில் வேடிக்கை என்னவென்றால், "பாக்கி இருப்பது உண்மை, ஆனால் தர முடியாது" என்று எழுதினாலும் அது ஒப்புதல்தான். கோபத்தில் எழுதும் பதில் நோட்டீஸ்கள் சில நேரம் எதிர்த்தரப்புக்கு இப்படி உயிர் கொடுத்துவிடும்.

வட்டியை ஜிபேயில்தான் அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் தர்றேன்ணே" என்றும் போட்டிருக்கிறார். போதாதா?

அதை நம்பி மூன்று வருடத்தைத் தாண்டவிடாதீர்கள். பணம் வந்ததை பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டும். அதைக் கட்டியவரின் எழுத்தோ கையெழுத்தோ எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். மின்னஞ்சலை ஒப்புதலாக ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் உண்டு. ஆனால் மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க அதற்கான சான்றும் சேர்த்துத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 அதைச் சொல்கிறது. இத்தனை மல்லுக்கட்டுவதைவிட, அடுத்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது ஒரு காபி கொடுத்து நோட்டின் பின்பக்கம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது மேல். வாட்ஸ்அப்பை அழிக்காமல் துணைச் சாட்சியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் தாண்டியே போய்விட்டது. இனி ஒன்றுமே செய்ய முடியாதா?

ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது முழுக்கக் கடன்காரர் மனசு வைத்தால்தான். காலாவதியான கடனைத் தருகிறேன் என்று அவர் எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)இன்படி அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம். பழைய நோட்டுக்குப் பதில் புது நோட்டு எழுதித் தருவதும் அப்படித்தான். "பாக்கி உண்மை" என்று வெறுமனே எழுதித் தருவது இந்தக் கட்டத்தில் போதாது, "தருகிறேன்" என்ற வாக்கு வேண்டும். மேலே சொன்ன ஒப்புதலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கடன் காலாவதியானால் கடனே இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான். அவராக முன்வந்து தந்தால் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. தந்தவரும் பிறகு "காலாவதியான கடனுக்குத் தந்துவிட்டேன், திருப்பிக் கொடு" என்று கேட்க முடியாது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். போலீஸில் புகாரும் கொடுத்தேன். ஊர்ப் பஞ்சாயத்திலும் பேசியாயிற்று. அந்த நாட்களைக் கழிக்கலாமா?

மூன்றில் எதற்கும் கழிவு கிடையாது. தனிநபர்மேல் பண வழக்குப் போட நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அனுப்புவது வழக்கம். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது நோட்டீஸ் அனுப்பி, "பதினைந்து நாளில் பதில் தரவும்" என்று எழுதிக் காத்திருந்து வழக்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷனில் எழுதி வாங்கிய காகிதத்தில் கடன்காரரின் ஒப்புதலும் கையெழுத்தும் இருந்தால் அது வேறு. அங்கே வேலை செய்வது கையெழுத்து, புகார் இல்லை.

எதிர்த்தரப்பு அரசாக இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80இன்படி இரண்டு மாத நோட்டீஸ் கட்டாயம். அந்த நோட்டீஸ் காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதேபோல, 3 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் கேட்காதபட்சத்தில், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். அந்த நாட்களும் கழியும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் கூட முடியவில்லை, எப்படிக் கேட்பது?

சங்கடம் புரிகிறது. ஆனால் ஓட ஆரம்பித்த காலம் சாவுக்காக நிற்காது. வாரிசுகளைப் பிரதிவாதியாகச் சேர்த்துப் பழைய கெடுவுக்குள்ளேயே வழக்குப் போட வேண்டும். வாரிசுகள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து அவர்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு. கெடு நெருங்காமல் இருந்தால் காரியம் முடியட்டும், பொறுங்கள்.

செக் பவுன்ஸ் ஆனால்?

அது குற்ற வழக்கு, கணக்கே தனி. செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். அதே கடனுக்கு சிவில் வழக்கும் போடலாம். ஒன்று நடக்கிறது என்பதற்காக மற்றதன் கெடு நிற்காது.

மற்ற வழக்குகளுக்கெல்லாம் எவ்வளவு?

கடையில் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 வருடம், தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. வாடகை பாக்கிக்கு ஒவ்வொரு மாத வாடகையும் பாக்கியான நாளிலிருந்து 3 வருடம், ஆக பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே போகும். ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு 3 வருடம். அவதூறுக்கு நஷ்டஈடு 1 வருடம்தான், பேஸ்புக் பதிவாக இருந்தாலும் சரி. அடமானக் கடன் வசூலுக்கு 12 வருடம், அடமானத்தை மீட்க 30 வருடம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடம், ஆனால் அங்கே தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க வழி உண்டு. எந்த இனத்திலும் சேராத வழக்குக்கு 3 வருடம்.

நிலம் வாங்க அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டேன். அவர் கிரையம் செய்து தரவில்லை.

அக்ரிமென்டில் கெடு தேதி போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து 3 வருடம். போடாவிட்டால், கிரையம் செய்து தர மாட்டேன் என்று அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்.

மூன்று வருடம் இருக்கிறதே என்று சும்மா இருப்பதும் ஆபத்து. மீதிப் பணத்தோடு நான் எப்போதும் தயாராக இருந்தேன் என்று நீங்கள் காட்ட வேண்டும். பதினொரு மாதக் கெடு முடிந்து, இரண்டரை வருடம் ஒரு நோட்டீஸ்கூட அனுப்பாமல், அதற்குள் மனை விலை இரண்டு மடங்கான பிறகு வந்து நின்றால் "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்" என்று கோர்ட் கேட்கும். பிராதிலேயே மாற்றுப் பரிகாரமாக அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள். கேட்காததைக் கோர்ட் தானாக எடுத்துத் தராது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்தும் கிரையம் செய்து தரக் கேட்டு வழக்குப் போடலாம் என்று 2023இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் இடம் சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

டீக்கடைச் சட்டங்களில் முதலிடம் இதற்குத்தான். பாதி உண்மை. உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக, "இது என்னுடையது" என்று தொடர்ந்து 12 வருடம் அனுபவித்தால், அவர் மீட்க வழக்குப் போடும் உரிமையோடு சொத்தின்மீதுள்ள உரிமையும் போய்விடும். இதை எதிரிடை அனுபவ பாத்தியம் என்பார்கள். இப்படி உரிமை பெற்றவர் தானே வாதியாக வந்தும் கேட்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் வாடகைக்கு இருப்பவர் முப்பது வருடம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். "சும்மா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொந்தக்காரர் விட்ட இடத்தில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. அனுமதியோடு இருப்பது எதிரிடை ஆகாது. அரசு இடத்துக்கு 12 இல்லை, 30 வருடம். அதிலும் பி மெமோ (அரசு இட ஆக்கிரமிப்புக்கான நோட்டீஸ்) வாங்கி அபராதம் கட்டிய ரசீதுகளைக் கட்டாகக் கொண்டுவந்து "இத்தனை வருட அனுபவம் சார்" என்பார்கள். இடம் அரசுடையது என்று தாங்களே ஒத்துக்கொண்டதற்குத்தான் அந்த ரசீதுகள் பெரும்பாலும் சாட்சி சொல்லும். கோயில் நிலத்துக்கு இந்தக் கணக்கே எடுபடாது. தமிழ்நாடு அறநிலையத் துறைச் சட்டத்தின் பிரிவு 109 காலவரம்பை அங்கே விலக்கி வைத்திருக்கிறது.

அப்பா இறந்து இருபது வருடம் ஆயிற்று. அண்ணன்கள்தான் நிலத்தை உழுகிறார்கள். தங்கை இப்போது பாகம் கேட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். அண்ணன் பெயரில் பட்டா இருக்கிறது, அண்ணன்தான் விளைச்சலை எடுக்கிறார் என்பதாலேயே தங்கையின் பாகம் போய்விடாது. "உனக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று அவரை ஒதுக்கியது அவருக்கு என்றைக்குத் தெரிய வந்ததோ அன்றிலிருந்துதான் 12 வருடம். அந்த நாள் எது என்பதில்தான் வழக்கே நடக்கும்: கல்யாணச் சண்டையில் சொன்னதா, பாங்குக் கடனுக்காக அண்ணன்கள் மட்டும் பத்திரம் எழுதிக்கொண்டபோதா, நோட்டீஸ் பதிலிலா. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பதை 2020 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. 20.12.2004க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடிந்திருந்தால் அதைத் திறக்க முடியாது.

நான் மைனராக இருந்தபோது என் பங்கை அப்பா விற்றுவிட்டார்.

உங்களுக்கு 18 முடிந்த நாளிலிருந்து 3 வருடம். அதாவது 21 முடிவதற்குள். முப்பது வயதில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து அதிர்ச்சியோடு வருபவர்களுக்கு நல்ல பதில் சொல்வது கஷ்டம்.

என் பெயரில் யாரோ போலிப் பத்திரம் பதிந்திருக்கிறார்கள்.

பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, அந்த விஷயம் உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 3 வருடம். எப்படித் தெரிந்தது என்பதைத் தேதியோடு பிராதில் எழுத வேண்டும். வில்லங்கச் சான்று வாங்கிய தேதி, பட்டா மாறியதைப் பார்த்த தேதி, இப்படி. மோசடியை மறைத்திருந்தால் அது வெளிப்படும்வரை காலம் ஓடாது, ஆனால் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் அந்தச் சலுகை கிடைக்காது.

எந்த கோர்ட்டில் போடுவது? செலவு?

நிலம், வீடு என்றால் அது இருக்கும் ஊர் கோர்ட். பணம் என்றால் பிரதிவாதி குடியிருக்கும் இடம், அல்லது கடன் கொடுத்தது, ஒப்பந்தம் போட்டது போன்ற வழக்குக்கான காரணம் எழுந்த இடம். தொகையைப் பொறுத்து முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட கோர்ட். சென்னையில் சிட்டி சிவில் கோர்ட், பெரிய தொகைக்கு நேராக உயர் நீதிமன்றம். விசாரிக்க அதிகாரமுள்ள கோர்ட்டுகளில் கீழ்மட்டத்தில் இருப்பதில்தான் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 5 லட்சத்துக்கு 15,000. 2017க்கு முன்னால் 7.5 சதவீதமாக இருந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்ட வசதியே இல்லாதவர் வறியவர் வழக்காக அனுமதி கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், போனில் 15100.

தப்பான கோர்ட்டில் போட்டு இரண்டு வருடம் வீணானது. அந்தக் காலம்?

நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தி, அதிகாரம் இல்லை என்ற காரணத்தால் அந்த வழக்கு நின்றிருந்தால் அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். பிரிவு 14. அந்தக் கழிவை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் புதுப் பிராதில் சொல்லியிருக்க வேண்டும். பிறகு வாய்தாவில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

அசலுக்கு இப்போது போட்டுவிட்டு வட்டிக்குப் பிறகு தனியாகப் போடலாமா?

கூடாது. ஒரே காரணத்தில் எழுந்து கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும். விட்ட பகுதியைப் பின்னால் கேட்க முடியாது. கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பாதியை மட்டும் கேட்டு மீதியைப் பறிகொடுக்காதீர்கள்.

பிராது கொடுத்தாயிற்று, ஆனால் கோர்ட் "ரிட்டர்ன்" செய்துவிட்டது. கெடு போய்விட்டதா?

பதற வேண்டாம். பக்கம் எண் இல்லை, நகல் தெளிவாக இல்லை, கட்டணம் குறைகிறது என்று குறிப்பெழுதித் திருப்புவது தினசரி நடப்பது. முதலில் தாக்கல் செய்த நாள்தான் கணக்கு. ஆனால் சரிசெய்து திரும்பத் தர நாள் குறித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் அந்தத் தாமதத்துக்குத் தனி மனு போட வேண்டியிருக்கும். வழக்குக் கட்டு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் தூங்குவது இந்த இடத்தில்தான், அதனால் வாரம் ஒருமுறை "நம்பர் ஆகிவிட்டதா?" (வழக்கு எண் கொடுத்துவிட்டார்களா) என்று கேளுங்கள்.

எனக்கு சம்மன் வந்திருக்கிறது. வாங்காமல் விட்டால்?

வழக்கு நிற்காது, உங்களைக் கேட்காமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை தர வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால் அதை ரத்து செய்ய தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறையாக வந்து சேரவே இல்லை என்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். தாமதமானாலும் இங்கே பிரிவு 5 கைகொடுக்கும்.

தோற்றுவிட்டேன். அப்பீலுக்கு எவ்வளவு நாள்?

உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மற்ற கோர்ட்டுக்கு 30 நாள். தீர்ப்பின் நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். சான்றிட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும்: நகல் மனு கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி. அப்பீல் குமாஸ்தா முதலில் பார்ப்பது அதைத்தான். கோர்ட் கட்டணம் கேட்டு நீங்கள் பத்து நாள் கழித்துக் கட்டியிருந்தால், உங்களால் ஆன அந்தத் தாமதத்தைக் கழிவாகக் கேட்க முடியாது. அதனால் தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள்.

ஜெயித்துவிட்டேன், டிகிரி (தீர்ப்பாணை) கையில் இருக்கிறது. பணம்?

நிறைவேற்று மனு போட 12 வருடம். ஏதாவது ஒன்றைச் செய்யச் சொன்ன செயலுறுத்துக் கட்டளைக்கு மட்டும் 3 வருடம். ஒன்றைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளைக்குக் கெடுவே இல்லை. டிகிரியைப் பீரோவில் வைத்துவிட்டுப் பதினோராவது வருடம் வந்தால் எதிராளியின் சொத்தெல்லாம் கைமாறியிருக்கும்.

கொரோனா காலத்தைக் கழிப்பது இன்னும் உண்டா?

உண்டு. 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பது 10.01.2022 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. மொத்தம் 716 நாட்கள். மூன்று வருட வழக்குகளில் அந்தச் சலுகை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. 12 வருட வழக்குகளுக்கு இன்னும் உயிருடன் இருக்கிறது. 2014இல் நிலத்தைப் பறிகொடுத்தவருக்கு 2026இல் முடிய வேண்டிய கெடு கிட்டத்தட்ட இரண்டு வருடம் தள்ளிப்போகும். "பன்னிரண்டு ஆயிடுச்சு, அவ்வளவுதான்" என்று விட்டவர்கள் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வக்கீலைப் பார்க்க வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

நோட்டு, ஒப்பந்தம், பத்திரம் என்றால் மூலம், ஜெராக்ஸ் இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட். எதிர்த்தரப்பிலிருந்து வந்த கடிதமோ நோட்டீஸோ இருந்தால் கவரோடு கொண்டுவாருங்கள், அதன்மேல் இருக்கும் தபால் முத்திரையில்தான் தேதி இருக்கும். கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே இருந்த காகிதத்தை மட்டும் பத்திரமாக லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள்.